மூவார் லைனை விட்ட நாள்

1. முதல் பாடம்

வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் என்னை உட்கார வைத்த முதல் நாள் மிஸ்டர் பொன்னம்பலம் எனக்குச் சொல்லித் தந்தது ஒரே ஒரு பாடம்தான்.

"பிள்ளை, லைன் கிடைக்கிறது பெரிய விசயம். கிடைச்ச லைனை விடக்கூடாது. விட்டீர் எண்டால் பக்கத்தில இருக்கிறவள் பறிச்சுக்கொண்டு போயிடுவாள். விளங்குதோ?"

"விளங்குது சார்."

"என்ன விளங்கினது? சொல்லும் பாப்பம்."

"கிடைச்ச லைனை விடக்கூடாது சார்."

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மலாக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு சூப்பர்வைசர். மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த புதிதில் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேற, காலியான நாற்காலியில் இவர் வந்து உட்கார்ந்தார். சின்னப் பிழை வந்தாலும் 'பார், இவர்களால் முடியாது' என்று சொல்ல ஆள் காத்திருந்த காலம் அது. அதனால் மனிதர் விதியை விட்டு இம்மி நகர மாட்டார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். முன்னால் மூச்சு விட மாட்டோம்.

கஜா பேராங்கில் இருந்த வீட்டிலிருந்து தினமும் சைக்கிளில் வேலைக்குப் போவேன். கல்யாணமாகாத பெண் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ஆம்பிளைகளோடு பேசுவதா என்று தெருவில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். சிங்கப்பூருக்கு அவசரமாகப் பேச வேண்டும் என்றால் அதே ஆட்கள்தான் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நானும் விடவில்லை, நன்றாகக் கிண்டல் செய்துவிட்டுத்தான் உதவி செய்தேன்.

இதை எழுதச் சொன்னவள் என் மருமகள் தேவி. மலாக்கா பக்கத்து ஆயர் குரோவில் ஒரு கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டை இயக்குகிற டிரைவர் புரோகிராம் எழுதுகிறாள். லாரி டிரைவர் தெரியும், பஸ் டிரைவர் தெரியும், இது என்னடி டிரைவர் என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினாள். கொஞ்ச நாளாக ஒரு பழுது பிடிபடாமல், வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பாக்கெட்டை, அதாவது தகவல் பொட்டலத்தை, அனுப்புகிற வேலை ஒரு லாக்கை, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டை, பிடித்துக்கொண்டு இரண்டாவது லாக்குக்காகக் காத்திருக்கிறதாம். பாக்கெட்டை வாங்குகிற வேலை அந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதுக்காகக் காத்திருக்கிறதாம். இரண்டும் அசையாமல் நிற்க, மெஷினே உறைந்துவிடுகிறதாம். அதற்கு டெட்லாக் என்று பெயராம்.

"அட, இது எங்க மூவார் லைன்" என்றேன். அவள் நம்பவில்லை. கதையைச் சொன்னேன். சொன்னதை அப்படியே அவளுடைய ஆபீஸ் பிள்ளைகளுக்கு எழுதித் தரச் சொன்னாள். எழுதுகிறேன். பெருமையாகத்தான் எழுதுகிறேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2. ராவுத்தர் கேட்ட ஊர்

போர்டு என்பது சுவர் மாதிரி எதிரே நிற்கும் மரப்பலகை. அதில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஓர் ஊருக்குப் போகும் லைன். நம் கையில் இருக்கும் வயரின் நுனியில் ஒரு ப்ளக். ப்ளக்கைத் துளையில் சொருகினால் லைன் நம்முடையது. சொருகுவதற்கு முன் நுனியைத் துளையின் விளிம்பில் தொட்டுப் பார்க்க வேண்டும். காதில் 'க்ளிக்' என்று கேட்டால் வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள், லைன் எங்கேஜ்ட். மீறிச் சொருகினால் இரண்டு பேர் பேச்சும் கலந்துவிடும், சொருகினவளின் வேலையும் போய்விடும்.

மலாக்காவிலிருந்து பத்து பகாட்டுக்கு நேர் லைன் கிடையாது. நடுவில் மூவார். நாங்கள் மூவாரைப் பிடிப்போம். மூவார் ஆபரேட்டர் பத்து பகாட்டைப் பிடித்து இரண்டையும் சேர்த்துவிடுவாள். மூவாருக்கு எங்களிடம் இருந்தது இரண்டு லைன். அந்த வாரம் மழையில் மரம் சாய்ந்து அதில் ஒன்று அறுந்து கிடந்தது. அதன் துளையில் டெக்னீஷியன் ஒரு சிவப்பு மரக்கட்டையைச் செருகி வைத்திருந்தார். கட்டை இருந்தால் அந்த லைனைத் தொடக்கூடாது என்று அர்த்தம். மிச்சம் ஒரே லைன். மூவாரிலிருந்து பத்து பகாட்டுக்கும் ஒரே லைன்தான்.

காலையில் போர்டு சூடு பிடித்த நேரம். ஜாலான் பெண்டஹாராத் தெருவில் மசாலைக் கடை வைத்திருந்த ராவுத்தர் கூப்பிட்டார். ஏலக்காய் விலை கேட்டு ஊர் ஊராகப் பேசுகிறவர். வழக்கமாக என்னிடம் இரண்டு வார்த்தை கிண்டல் பேசாமல் ஊர் பெயரையே சொல்ல மாட்டார். அன்று கிண்டல் இல்லை.

"அம்மா, பத்து பகாட் ஆஸ்பத்திரி வேணும். உடனே வேணும்மா."

"புக் பண்ணிட்டேன் பாய். லைன் கிடைச்சதும் கூப்பிடுறேன்."

"கெடச்சதும்னா எப்பம்மா? என் மவ ஹமீதா அங்க கெடக்குறா. ஆணிய மிதிச்சு பாதமெல்லாம் வீங்கி, காய்ச்சல்ல பினாத்துறாளாம். பஸ்ஸுல வந்தவரு இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு. டாக்டர் காலையில வந்து பென்சிலின் ஊசி போடப் போறாராம்."

"போட்டா சரியாயிடும் பாய். பயப்படாதீங்க."

"போட்டா செத்துருவாம்மா."

புக்கிங் சீட்டில் அர்ஜென்ட் என்று எழுதினேன்.

"கல்யாணத்துக்கு முந்தி இங்க ஒரு தடவ போட்டாங்க. ஒடம்பெல்லாம் தடிச்சு, தொண்ட அடச்சு, மூச்சு நின்னுடுச்சு. அல்லாதான் திருப்பிக் குடுத்தான். இன்னொரு தடவ போட்டா பொழைக்க மாட்டாள்னு டாக்டரே சொன்னாரு. மருமவனுக்கு இது தெரியாது. நாங்க சொல்லாமயே வுட்டுட்டோம்."

"நீங்க போனை வைங்க பாய். நான் பிடிச்சுத் தர்றேன்" என்றேன்.

காரில் போகலாமே என்று இப்போது கேட்பீர்கள். அந்தக் காலத்தில் மூவார் ஆற்றுக்கும் பாலம் இல்லை, பத்து பகாட் ஆற்றுக்கும் பாலம் இல்லை. இரண்டு இடத்திலும் ஃபெர்ரிக்கு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். தந்தி அடித்தால் அங்கே ஒரு ஆள் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதற்குள் டாக்டர் வந்துவிட்டுப் போயிருப்பார். டெலிபோன் ஒன்றுதான் வழி.

மூவார் லைனைத் தொட்டேன், க்ளிக் இல்லை. சொருகினேன். மூவாரில் மிஸ் லிம் எடுத்தாள். நாங்கள் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம். பத்து பகாட் ஆஸ்பத்திரி, அர்ஜென்ட் என்றேன். தொட்டுப் பார்த்தாள். பத்து பகாட் லைன் எங்கேஜ்ட், காத்திரு என்றாள்.

காத்திருந்தேன். படித்த பாடப்படி மூவார் லைனை விடாமல் பிடித்துக்கொண்டே காத்திருந்தேன். மறுபடி கேட்டேன், எங்கேஜ்ட். மறுபடியும் எங்கேஜ்ட். ராவுத்தர் நடுவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "கெடச்சுதாம்மா?" என்பார். "இன்னும் இல்லை பாய்" என்பேன்.

டிரங்க் அழைப்பில் யாரும் சும்மா வளவளவென்று பேச மாட்டார்கள். மூன்று நிமிடம், மிஞ்சினால் இன்னொரு மூன்று. இது முடியவே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. மிஸ் லிம்மிடம் கேட்டேன்: அந்த லைனில் யாராவது பேசுகிறார்களா, இல்லை யாராவது சும்மா பிடித்து வைத்திருக்கிறார்களா? அவள் தன் போர்டின் அந்தக் கோடியில் இருந்தவளிடம் விசாரித்தாள். பதில் வந்தது. பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. பத்து பகாட் ஆபரேட்டர் லைனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

எதற்குக் காத்திருக்கிறாள் என்று கேட்டேன்.

மலாக்கா லைனுக்கு. மலாக்கா லைன் எங்கேஜ்டாம்.

நான்தானே மலாக்கா! சிரிப்பு வந்தது, உடனே அடங்கியது. நான் மூவார் வரைக்கும் ஒரு லைனைப் பிடித்துக்கொண்டு அவளுடைய லைனுக்காகக் காத்திருக்கிறேன். அவள் மூவார் வரைக்கும் ஒரு லைனைப் பிடித்துக்கொண்டு என்னுடைய லைனுக்காகக் காத்திருக்கிறாள். இரண்டு பேரும் கெட்டிக்காரிகள். இரண்டு பேரும் சொன்னபடி கேட்கிறவர்கள். இப்படியே சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்போம், ஹமீதாவுக்கு ஊசி விழுந்துவிடும்.

3. சிவப்புக் கட்டை

எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவிடு, நாங்களே பேசி முடித்துக்கொள்கிறோம் என்று மிஸ் லிம்மிடம் கெஞ்சினேன். மாட்டேன் என்றாள். க்ளிக் கேட்ட துளையில் ப்ளக் சொருகச் சொல்கிறாயா, என் வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறாயா என்றாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அப்படியானால் பத்து பகாட்டை விடச் சொல் என்றேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: அவளும் அர்ஜென்ட் என்கிறாள், மலாக்காவை விடச் சொல்கிறாள்.

யாராவது ஒருத்தி விட வேண்டும். அவள் மாட்டாள் என்றால் நான்தான். ஆனால் அதில் ஓர் ஆபத்து இருந்தது. நான் விட்டால் அவளுடைய அழைப்பு என் லைனில் ஏறிவிடும். அங்கே எவனாவது ஒருவன் கித்தா, அதாவது ரப்பர், விலை பேச ஆரம்பித்தால் அவன் முடிக்கும் வரை ராவுத்தர் காத்திருக்க வேண்டும். இருந்தாலும் முடிகிற பேச்சுக்குக் காத்திருக்கலாம். முடியவே முடியாத ஒன்றுக்குக் காத்திருந்து என்ன பயன்?

"நான் விடுகிறேன். உடனே பத்து பகாட்டுக்குக் கொடு" என்று மிஸ் லிம்மிடம் சொல்லிவிட்டு ப்ளக்கை உருவினேன்.

உருவிய கை கீழே இறங்கவில்லை, பக்கத்து சீட் பிலோமினா அதே துளையில் தன் ப்ளக்கைச் சொருகிவிட்டாள். மின்னல் மாதிரி கை அவளுக்கு.

"பிலோ, எடு."

"ஏன்? நீ விட்டே, நான் எடுத்தேன். எனக்கும் மூவாருக்கு ஒரு சீன மொதலாளி, தவுக்கே, காத்துக்கிட்டு இருக்காரு. கத்துறாரு அந்த மனுசன்."

"ராவுத்தர் மகளோட உசுரு தொங்குது பிலோ. எடு."

என் முகத்தைப் பார்த்தாள். மறு பேச்சு இல்லாமல் உருவினாள். தங்கமானவள். ஆனால் அந்தப் பக்கம் இன்னும் இரண்டு பேர் அதே துளை மேல் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லைன் காலியான அந்தக் கண நேரத்தில் மூவார் முந்துகிறதா, இவர்கள் முந்துகிறார்களா என்பதுதான் கேள்வி. ஒவ்வொருத்தியிடமும் கெஞ்சிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை.

எட்டி, அறுந்த லைனில் இருந்த சிவப்புக் கட்டையைப் பிடுங்கி, நல்ல லைனில் செருகினேன். இனி மலாக்காவில் யாரும் இதைத் தொட மாட்டார்கள். மூவாரிலிருந்து மட்டும்தான் உள்ளே வர முடியும். வந்தால் துளைக்கு மேல் இருக்கும் விளக்கு எரியும்.

விளக்கு எரியவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஆர் கட்டையை மாத்தினது?"

"நான்தான் சார்."

"இது நல்ல லைன் எல்லோ? நல்ல லைனுக்கு ஏன் கட்டை?"

"வேற யாரும் எடுக்கக் கூடாதுன்னுதான் சார். பத்து பகாட் உள்ள வரணும்."

"அப்ப, பிடிச்ச லைனை விட்டனீரோ?"

"விட்டேன் சார்."

மிஸ்டர் பொன்னம்பலத்தின் முகம் சிவந்தது. "உமக்கென்ன விசரோ? எடும் அதை."

"எடுக்க மாட்டேன் சார்."

அந்த அறையில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கை கட்டையை நோக்கி நீண்டது. நான் என் உள்ளங்கையை அதன் மேல் வைத்து மூடினேன். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். கோபம் அதை விட அதிகமாக இருந்தது.

விளக்கு எரிந்தது.

கட்டையைப் பிடுங்கினேன், ப்ளக்கைச் சொருகினேன். காதில் ஒரு தமிழ்ப் பெண் குரல். பத்து பகாட்டில் வேலை செய்த சரோஜா.

"அக்கா, மலாக்காவா? அப்பாடா. எவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருக்கேன், ரொம்ப சுசா லா இந்த லைனு, கெடைக்கவே மாட்டேங்குது. ஜாலான் பெண்டஹாராவுல ராவுத்தர் கடை வேணும். ஆஸ்பத்திரியில இருந்து அவங்க மருமகன் பேசணுமாம்."

மாமனார் மருமகனைத் தேடுகிறார், மருமகன் மாமனாரைத் தேடுகிறான். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு லைனைப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பேச விடாமல் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ராவுத்தர் கடைக்கு மணி அடித்தேன். ஒரே மணியில் எடுத்தார்.

"பத்து பகாட் கெடச்சுருச்சாம்மா?"

"அவங்களே உங்களைக் கூப்பிடுறாங்க பாய். பேசுங்க."

இரண்டு பக்கமும் சரியாகக் கேட்கிறதா என்று முதல் வார்த்தைகளைக் கேட்டு உறுதி செய்வது எங்கள் கடமை. அதனால் கேட்டேன்.

"மாமா, இந்த ஊசி முன்னாடி போட்டிருக்கான்னு நர்ஸ் மிஸ்ஸி கேக்குறாங்க. அவளுக்கு நினைவு இல்ல. டாக்டர் வந்துட்டாரு, ஊசி தயாரா இருக்கு..."

"போட வுடாதே! ஓடு, போயி சொல்லு. பென்சிலின் அவளுக்கு ஆவாது. போனக் கீழ போட்டுட்டு ஓடு!"

ரிசீவர் மேசையில் விழுந்த சத்தம் கேட்டது. அதற்கு மேல் கேட்கக் கூடாது. என் காதுக்குப் பேச்சு வரும் சுவிட்சை மூடினேன். லைனில் கேட்டதை வெளியே கொண்டு போகக் கூடாது, லைனுக்குள் மூக்கை நுழைக்கவும் கூடாது. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சத்தியம் அது. கொஞ்ச நேரத்தில் விளக்குகள் பேச்சு முடிந்ததைக் காட்டின. ப்ளக்குகளை உருவினேன். ஊசி விழுவதற்கு முன் அந்தப் பையன் ஓடிச் சேர்ந்தானா இல்லையா, எனக்குத் தெரியாது. அடுத்த விளக்கு எரிந்தது. அடுத்த ஆளுக்குப் பதில் சொன்னேன்.

4. விசாரணை

மத்தியானம் மிஸ்டர் பொன்னம்பலம் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். நடந்ததை முழுசாகச் சொன்னேன். மேசை மேல் இருந்த பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒண்டு கேக்கிறன். பத்து பகாட்டில இருந்து வந்த கோல் வேற ஆருக்காவது எண்டால் என்ன செய்திருப்பீர்?"

"அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்திருப்பேன் சார். முடிஞ்சதும் ராவுத்தருக்கு லைன் கிடைச்சிருக்கும்."

"அப்ப இது அதிர்ஷ்டம் இல்லை எண்டு சொல்லுறீர்."

"ராவுத்தருக்கே வந்தது அதிர்ஷ்டம் சார். விட்டது அதிர்ஷ்டம் இல்லை."

பென்சிலை மேசையில் வைத்தார். என் சீட்டு கிழிந்தது என்றுதான் நினைத்தேன். பிறகு, "போய் வேலையைப் பாரும்" என்றார். நான் கதவைச் சாத்தும்போது மூவார் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு இங்கிலீஷில் சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தார். நடுவில் அவர் "என்ர பிள்ளையள்ல ஒருத்தி" என்று தமிழில் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த முனையில் இருந்தவரும் யாழ்ப்பாணம் போலிருக்கிறது. அன்று முழுக்க அந்த வார்த்தையை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

புது விதி வந்தது. மூவார் வழியாகப் போகும் அழைப்பில் இரண்டு பக்கமும் நின்றுபோனால் மலாக்கா விட வேண்டும், பத்து பகாட் பிடித்திருக்க வேண்டும். விடும்போது கட்டை வைத்துவிட்டு விட வேண்டும். இரண்டு பக்கமும் விட்டால் மறுபடி இரண்டு பக்கமும் ஓடிவந்து முட்டிக்கொள்ளும், அதனால் விடுகிறவள் எவள் என்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். இதை நான்தான் சொன்னேன்.

விதி நன்றாக வேலை செய்தது, எங்கள் ஊர் வியாபாரிகளின் வாயைத் தவிர. எப்போதும் பத்து பகாட்காரனுக்கே லைன், நாங்கள் மட்டும் இளிச்சவாயர்களா என்று தினமும் திட்டு. நியாயமான திட்டுதான். காலையில் மலாக்கா விடட்டும், மத்தியானத்துக்கு மேல் பத்து பகாட் விடட்டும் என்று மாற்றினோம். அதோடு சத்தம் அடங்கியது.

தேவி இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தட்டில் இருந்த சோற்றை முழுசாகச் சாப்பிட்டாள். மறுநாள் ஆபீசில், அனுப்புகிற பக்கமும் வாங்குகிற பக்கமும் லாக்குகளை ஒரே வரிசையில்தான் எடுக்க வேண்டும் என்று மாற்றினாளாம். மெஷின் உறையவில்லை. பிறகு ஒரு லாக்கை விட்டு இன்னொன்றை எடுக்கும் இடைவெளியில் வேறொரு வேலை உள்ளே புகுந்து பாக்கெட்டைக் கெடுத்ததாம். யார் முந்துவது என்ற அந்தப் போட்டிக்கு ரேஸ் கண்டிஷன் என்று பெயராம். "அங்க ஒரு கட்டை வெச்சேன் அத்தை" என்றாள். அவர்கள் பாஷையில் அதற்கு ஃபிளாக் என்று பெயர்.

ஆயர் குரோ பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். எல்லாம் நின்றுபோனால் எவன் தப்பு செய்தான் என்று முதலில் தேடாதீர்கள். எல்லோரும் சரியாகச் செய்துகொண்டே நின்றுபோயிருக்கலாம். கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றுக்காகக் காத்திருப்பவன் யார் என்று தேடுங்கள். எப்படிப் பிடிப்பது என்று எழுதும்போதே யார் விடுவது என்றும் எழுதிவிடுங்கள். விடும் அந்த இடைவெளியில் யார் புகுவான் என்றும் யோசியுங்கள்.

ஹமீதாவுக்கு என்ன ஆயிற்று என்று தேவி கேட்டாள். ராவுத்தர் அதற்குப் பிறகு எத்தனையோ முறை லைன் கேட்டுக் கூப்பிட்டார். என் வாய் வரைக்கும் வரும், கேட்கவில்லை. கேட்டால் சத்தியம் என்ன ஆவது? குரலை வைத்து ஊகிக்கலாம் என்று பார்த்தால், வியாபாரிக் குரலில் இருந்து என்ன தெரியும்?

நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரம் சீரகம் வாங்க அவர் கடைக்குப் போனேன். அதுவரை அவரை நேரில் பார்த்ததில்லை, என்னையும் அவருக்குத் தெரியாது. கடையில் கூட்டம். தராசுக்குப் பின்னால் ஓர் இளம் பெண், இடுப்பில் குழந்தை, ஒரு கையால் மிளகு அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்து, "ஹமீதா, அந்த அக்காவக் கவனிம்மா" என்று எனக்குப் பழக்கமான குரல் கேட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். அரைக் கட்டி எடை சீரகம் கேட்டேன். நிறுத்துக் கட்டி என் கையில் வைத்தாள். குழந்தை என் சேலையைப் பிடித்து இழுத்தது.

"வேற என்னக்கா வேணும்?" என்றாள்.

எனக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. மிளகுக் காரம் என்று நினைத்திருப்பாள்.

"ஒண்ணும் வேணாம்மா" என்றேன்.